மேவிஸ் கால் வைத்த இடம்

"ஹோமர், என் மூக்குக் கண்ணாடி எங்க?"

"உன் தலைமேல."

"முதல்லயே சொல்றதுக்கென்ன? அதுக்காக ஒப்பனைக்காரிகிட்ட சண்டையே போட்டுட்டு வரேன்."

கண்ணாடி இல்லாவிட்டால் மேவிஸுக்கு எல்லாம் மங்கல்தான், சார். பிராட்வே நாடகக் கொட்டகைகளில் யாருக்கும் அது தெரியாது. காட்சி மாறும்போது விளக்கெல்லாம் அணைந்துவிடும். அவள் நடக்கும் வழியில் இருட்டில் மினுங்கும் பட்டைகளை ஒட்டிவைப்பேன். நான் மேடை நிர்வாகி. அந்தப் பட்டைகளை வேறு யாரும் தொடக்கூடாது என்பது கொட்டகை வழக்கம்.

ஒஹாயோவில் ஒரு கோடைக்கால நாடகக் குழுவில் நாங்கள் சேர்ந்து நடித்தோம். அங்கேயே கல்யாணம். அவளுக்குப் பெரிய வேடம் கிடைத்ததும் நான் நடிப்பை விட்டேன். யாராவது ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

பிறகு ஹாலிவுட் கூப்பிட்டது. கல்யாணமானவள் என்று தெரிந்தால் படம் ஓடாது என்றார்கள் ஸ்டுடியோக்காரர்கள்.

"கொஞ்ச நாளைக்குத்தான் ஹோமர். அப்புறம் ஊருக்கே சொல்லிடலாம்," என்றாள்.

படங்கள் ஓடின. விருந்துகளில் என்னை உதவியாளர் என்று அறிமுகப்படுத்துவாள். நானும் அவள் கோட்டை வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்பேன்.

பட வாய்ப்பு குறைந்து இந்த வருஷம் நாடகத்துக்கே திரும்பினாள். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். போன மாதம் ஒரு நிருபர் ஒப்பனை அறைக்கு வந்து கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். பக்கத்தில்தான் நான் பூங்கொத்துகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அதுக்கெல்லாம் ஆள் இனிமேதான் வரணும்," என்று சிரித்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டாம் அங்கத்தில் அவள் இருட்டில் முன்மேடைக்கு நடந்துவந்து, கடைசிப் பட்டையின் மேல் நிற்க வேண்டும். அன்று மாலை அந்தப் பட்டையைப் பிரித்து, மேடையின் விளிம்பிலேயே ஒட்டினேன். கீழே வாத்தியக்காரர்கள் உட்காரும் குழி.

அவளுக்கு ஒரு வாய்ப்பும் கொடுத்தேன், சார். "ஒரு தடவை நடந்து பாத்துடறியா?" என்று நானே கேட்டேன்.

"நீ ஒட்டினதுதானே? நான் எதுக்குப் பாக்கணும்?" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

இருட்டில் அவள் காலடிச் சத்தம் சீராகக் கேட்டது. கொஞ்சமும் தயங்கவில்லை. அப்புறம் கீழே முரசு சரிகிற சத்தம்.

இனி அவளால் எழுந்து நடக்க முடியாது என்கிறார் டாக்டர். ஸ்டுடியோக்காரர்கள் பூ அனுப்பியதோடு சரி. நான்தான் ஊட்டிவிடுகிறேன், தலை வாரிவிடுகிறேன். இவ்வளவு நிம்மதியாக நாங்கள் குடித்தனம் நடத்தியதே இல்லை.

நான் சொன்னதையெல்லாம் படுத்தபடி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். கதவுக்கு வெளியே நிருபர்களும் நிற்கிறார்கள். விலங்கு மாட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பொறுங்கள், இன்ஸ்பெக்டர் சார். இத்தனை வருஷமும் இதை அவளிடம் வாய்விட்டு நான் கேட்டதில்லை.

"மேவிஸ், இங்க பாரு கண்ணு. நான் உனக்கு யாருன்னு இவங்ககிட்ட சொல்லிடேன்."