சந்தியோகு அண்ணையின்ர நிறம்

இல்லைத் தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. ஆர் எண்டுதான் தெரியேல்ல.

இருங்கோ, கோவிச்சுக்கொண்டு எழும்பாதையுங்கோ. ரெனிஸ் கோர்ட்டுக்கு சந்தியோகு அண்ணையின்ர பேர் வைக்கிறியள், சந்தோசம். மதில்ல இவ்வளவு பெரிய படமும் மாட்டப் போறியள். ஆனா நான் அவரோட கூடப்பிறந்தவள். இது அவரில்லை.

ஓம், நான் தந்த படம்தான். தொண்ணூறில சண்டைக்குப் பயந்து மடுக் கோயிலுக்கு ஓடேக்க மிச்சமெல்லாம் போச்சு. தப்பினது அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஒண்டுதான். ஸ்ரூடியோக்காரன் கலர் குடுக்கிறன் எண்டு, கலியாண மாப்பிள்ளைக்குப் பூசிற மாதிரி வெள்ளையாப் பூசி விட்டிருக்கிறான். சுருட்டை மயிரையும் இழுத்து நேராக்கிப் போட்டான்.

எடுப்பா இருக்கட்டும் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்களோ? நல்ல வேலை. அவரிட்டத்தானே றக்கெற் பிடிக்கப் பழகினனீங்கள்.

அவர் அந்த ரெனிஸ் கோர்ட்டுக்குள்ள எப்பிடிப் போனவர் தெரியுமோ? அப்ப கச்சேரியில அரசாங்க உத்தியோகம் பாத்த துரைமார் மட்டும்தான் அங்க விளையாடுறது. சோடி சேர்ந்து ஆட நாலு பேர் வேணும். ஒரு நாள் ஒருத்தருக்குக் காய்ச்சல். அண்ணை ரெயில்வே வேலை முடிஞ்சு வந்து வேலிக்கு வெளியால நிண்டு பாத்தவர். வேற ஆளில்லாமல் கூப்பிட்டவை. காய்ச்சல் மாறி வந்த மனிசனுக்குப் பிறகு இடம் கிடைக்கேல்ல. கொழும்புக்கு விளையாடப் போன முதல் மன்னார் ஆளும் அவர்தான். அங்க, நீர் எந்த நாடு எண்டு கேட்டவையாம். மன்னார் எண்டு சொல்ல ஒருத்தரும் நம்பேல்லையாம்.

இங்க மட்டும் என்ன. அந்த ஆபிரிக்காப் பெருக்கு மரத்தோட கப்பலில வந்திறங்கின காப்பிலியள் எண்டு சந்தையில சொல்லுவினம். போர்த்துக்கேயர் ஆபிரிக்காவில இருந்து கொண்டுவந்த சனம்தான் நாங்கள். அது எத்தினை தலைமுறைக்கு முன்னம். அண்ணை சிரிப்பார். மரம் நிழல் குடுக்குதுதானே எண்டுவார். பிறகு துரைமாரும் போய்ச் சேர, உங்களைப் போல பிள்ளையளைக் கூட்டிவந்து, கிழிஞ்ச மீன்வலையைக் குறுக்கால கட்டிப் பழக்கினவர். சோழகக் காத்தில பந்தை உயர எறியாதையுங்கோடா, அக்கரையில பாப்பாமோட்டையிலதான் போய்ப் பொறுக்கவேணும் எண்டு கத்துறது உங்கட காதில இப்பவும் கேக்கும்.

சரி, விசயத்துக்கு வாறன். அந்தப் படத்தை மாட்டாதையுங்கோ. ஸ்ரூடியோக்காரனுக்கு நிறம் தெரியாட்டி இங்க வரச் சொல்லுங்கோ. என்ர முகத்தைப் பாத்துப் பூசட்டும். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே நிறம், ஒரே மூக்கு. மயிரும் இதுதான், நரையை விட்டா.

விழாவுக்கோ? நான் வரேல்ல. மாலையும் பேச்சும் நீங்கள் பாருங்கோ.

அவற்ற மரியாதைக்காகக் கேக்கிறன் எண்டு நினைச்சனீங்களோ? இல்லைத் தம்பி. அவர் கண்டிருந்தா உங்களோட சேந்து சிரிச்சிருப்பார். எங்கட சனத்தில கொஞ்சப்பேர் புத்தளப் பக்கம் போயிட்டினம், மிச்சப்பேர் செத்துச் சேமக்காலையில. நான் சந்தைக்குப் போறன், பூசைக்குப் போறன், எல்லாரும் நல்லாத்தான் கதைக்கினம்.

சனமெல்லாம் போன பிறகு, ஒரு பின்னேரம் வந்து அந்த மதிலுக்கு முன்னால கொஞ்ச நேரம் இருக்கலாம் எண்டுதான். என்னைப் போல ஒராளைப் பாத்துக் கனகாலம்.