சங்கரேஸ்வரி வண்டியின் சத்தம்

"ஹலோ... ஹலோ, நாந்தான்... வச்சிராதீங்க, வச்சிராதீங்க! ... தெரியும், அங்கன இப்பத்தான் விடிஞ்சிருக்கும்... யாருக்கும் ஒண்ணுமில்ல. உங்க அம்மை நல்லாத்தான் இருக்காவ, ஒங்க தம்பி வீட்டுல... ஒண்ணுமில்லங்கேன்லா! வண்டி. ... ஆமா, வண்டியத்தான் சொல்லுதேன். கழட்டிப் போட்டுட்டேன். ... நாந்தான். நானே. ... முன்சக்கரத்தக் கழட்டியாச்சு, பெல்ட்டக் கழட்டியாச்சு, ஒரு புல்லியையும் கழட்டிட்டேன். இன்னொண்ணு வரமாட்டேங்கு... ஏங்க, கத்தாதீங்க. ரூம்ல படுத்திருக்கவிய முழிச்சிருவாவ."

சங்கரேஸ்வரி காதில் செருகியிருந்த வயரை இன்னும் அழுத்திக்கொண்டாள். அச்சன்புதூரில் தெருவைப் பார்த்த வாசலில் அந்தப் பழைய கார் ஒரு பக்கம் ஜாக்கியில் தூக்கிக்கொண்டு நிற்க, சக்கரம் இருந்த ஓட்டைக்குள் அவள் பாதி உடம்பை நுழைத்து உட்கார்ந்திருந்தாள். சவுதியில் தம்மாமிலிருந்து கணவன் மணிமுத்து போடுகிற சத்தம் அவள் காதோடு நின்றது. அவள் போடுகிற சத்தம்தான் தெருவுக்கு.

"மெக்கானிக் ஜெபஸ்டின் அண்ணன் கோயிலுக்குப் போயிட்டாரு. இன்னைக்கு ஞாயித்துக்கெழமைல்லா... போன அணைச்சு வச்சிருக்காரு. பூசை முடிஞ்சு வர பத்தாயிரும். ஒங்க தம்பி ஒம்பதுக்கு வந்துருவாரே... வேற யாரக் கூப்பிடச் சொல்லுதீய? சீசன்ல ஒருத்தன் வீட்டுக்கு வருவானா? ... அதனாலதான் ஒங்கள எழுப்புனேன். ... ஆமா, ஒங்களத்தான்."

கேட்கக்கூடாத ஆளிடம்தான் கேட்கிறாள். வேறு போக்கிடம் இல்லை. வெள்ளிக்கிழமை லீவு நாளில் கூப்பிட்ட மணிமுத்து, வண்டி அவள் கையில் குட்டிச்சுவராகிவிட்டது, போகவர தெருவையே கீச்சுகீச்சென்று கிழிக்கிறது, ஞாயிறு காலையில் தம்பி பாண்டியராஜ் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போவான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். அவள் அழுதாள், சண்டை போட்டாள், கெஞ்சினாள். கடைசியில் அவன் எரிச்சலில் ஒரு வார்த்தையை விட்டெறிந்தான். சத்தத்தை நிறுத்திவிட்டால் வண்டியை அவளே வைத்துக்கொள்ளலாம். நடக்காது என்ற தைரியத்தில் சொன்னது. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை தென்காசிக்குப் போய் இஞ்சினில் சுற்றுகிற இரண்டு புல்லியும் அவற்றின் மேல் ஓடுகிற ஒரு பெல்ட்டும் வாங்கி வந்துவிட்டாள்.

வண்டி போனால் குற்றாலம் ஐந்தருவியில் போடுகிற சிப்ஸ் கடை போச்சு. அடுப்பையும் எண்ணெய்ச் சட்டியையும் நேந்திரங்குலையையும் எந்த பஸ்ஸில் ஏற்ற விடுவார்கள்? சாரல் விழ ஆரம்பித்து, சிப்ஸ் வாங்க ஆள் வரிசையில் நிற்கிற நேரம் இது.

"ம்... சொல்லுங்க... பதினாலாம் நம்பர் ஸ்பானர்தான்... ஆமா, ஒங்க பெட்டியில உள்ளதுதான். எடுத்துட்டேன், எடுத்தா என்ன? துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. ... இடது பக்கமாத்தான் திருப்புதேன். மத்த போல்ட்டெல்லாம் அப்பிடித்தான கழண்டுச்சு... முக்கி முக்கிப் பாத்துட்டேன், கால வச்சு மிதிச்சும் பாத்துட்டேன். அசையமாட்டேங்கு சவம்... என்னது? ... எதுல? ... அந்த இழுத்துப் பிடிக்கிற புல்லியிலதான். ... எதிர் மரையா? ... அப்பிடின்னா? ... அய்யோ! அப்போ நான் இவ்வளவு நேரமும் கழட்டலையா? முறுக்கிக்கிட்டா இருந்தேன்?"

அவளுக்கு ஸ்பானரைத் தூக்கித் தெருவில் எறியவேண்டும் போலிருந்தது. விடிந்ததிலிருந்து உள்ள பலத்தையெல்லாம் போட்டு அந்த போல்ட்டை ஏற்கெனவே இருந்ததைவிட இறுக்கி வைத்திருக்கிறாள். உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.

"ஒடஞ்சிருக்குமோ? ... தல வழுக்கல, நல்லாத்தான் பிடிக்கு... சரி... சரி, வலது பக்கம்... குழாயா? எந்தக் குழாய்? ... ஸ்பானர் வாலுல சொருகணுமா? ... இருங்க, அடிபம்புக் குழாய்த் துண்டு ஒண்ணு பின்னால கெடக்கு... இருங்கங்கேன்லா, வைக்காதீங்க..."

ஓடிப்போய் எடுத்து வந்தாள். சொருகினாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். டொக்கென்று ஒரு சத்தம். போல்ட்டுதான் ஒடிந்தது என்று நினைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க... டொக்குன்னுச்சு... பாக்கப் பயமா இருக்கு... பாக்கேன், பாக்கேன்... சுத்துதுங்க! சுத்துது! ... வந்துட்டு! புல்லி கையில வந்துட்டு! ... அழல. சும்மா மூக்க உறிஞ்சுதேன்."

தம்மாமுக்குப் போகுமுன் மணிமுத்து தென்காசி ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை பார்த்தவன். பெண்டாட்டி மேல் ஆயிரம் கோபம் இருந்தாலும் இஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருத்தர் தப்பாகக் கை வைத்தால் அவனால் தாங்க முடியாது. அது சங்கரேஸ்வரிக்குத் தெரியும். அதை நம்பித்தான் கூப்பிட்டதே.

"பழைய புல்லியையா? ... காதுக்கிட்ட வச்சா? ... சுத்துதேன்... ஒங்களுக்குக் கேக்குதா? கரகரன்னு மண்ணு அரைக்கித மாதிரி... பேரிங்கு போச்சா? ரெண்டுலயுமா? ... தேஞ்சு போனதுதான? அப்போ நான் ஓட்டி ஒண்ணும் கெடுக்கலல்லா? ... ஏன், வாயத் தொறந்து சொன்னா என்ன? ... ம். அப்பிடிச் சொல்லுங்க."

அவள் சிரித்துவிட்டாள். அது கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை.

"பெல்ட்டா? பழசு இங்கனதான் கெடக்கு... வெடிப்பு அங்கங்க இருக்கு. வழுவழுன்னு இருக்கு... எண்ணெய்தான். ... தேங்காயெண்ணெய். ... எங்கயிருந்தும் ஒழுகல. நாந்தான் விட்டேன். ... ஏங்க! ஏங்க, வைதா எனக்கும் வையத் தெரியும்! ... எனக்கு என்ன தெரியும்? கதவு கிரீச்சுன்னா எண்ணெய் விடுதோம், தையல் மிஷின் கத்துனா எண்ணெய் விடுதோம்... சிப்ஸ் போடுத எண்ணெயில ஒரு கரண்டி, தெனமும் காலையில... விட்டதும் கப்புன்னு நின்னுரும்ங்க. இலத்தூர் விலக்கு தாண்டதுக்குள்ள பழையபடி பிடிச்சுரும். முன்னவிடக் கூடுதலா... வழுக்கித்தான் கத்துச்சா? எண்ணெய் விட்டதாலயா? ... அட பாவி மனுசியே."

கடைசிச் சொல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. குற்றாலத்தில் பிழைக்கிறவர்களுக்கு எண்ணெய்தான் எல்லாவற்றுக்கும் மருந்து. உச்சந்தலையில் வைத்து, உடம்பெல்லாம் பூசி, அருவியில் நின்றால் எந்த வலியும் போய்விடும் என்று அவளே கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறாள். வண்டி மட்டும் விதிவிலக்கு என்று யார் கண்டது?

"புதுசத் தொட்டுட்டனா? ... இன்னும் இல்ல, கவருக்குள்ளதான் இருக்கு... கைய மோந்து பாக்கணுமா? ... ஆமா, எண்ணெய்தான். காலையிலயே ஒரு சட்டி போட்டு எடுத்துட்டேம்லா... கழுவுதேன். சவுக்காரம் போட்டு... சரி, சீயக்காயும் போட்டு. மத்த புல்லியெல்லாம் தொடைக்கணுமா? ... தொடைக்கேன். பெட்ரோல் இல்ல, மண்ணெண்ணெய் வேண்டாமா? ... சோப்புத் தண்ணி. சரி, சரி."

கழுவித் துடைத்து வந்து புதுப் புல்லிகளை மாட்டினாள். எதிர் மரைக்காரனை இந்தத் தடவை நினைவாக மறுபக்கம் திருப்பி முறுக்கினாள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பெல்ட் போடுகிறபோதுதான் ஆட்டம் காட்டியது. ஒரு கையால் ஸ்பானரைப் பிடித்து அந்த இழுவைப் புல்லியை அமுக்கி வைத்திருக்கவேண்டும். இன்னொரு கையால் பெல்ட்டை மேலே ஏற்றவேண்டும். கிராங்கில் மாட்டினால் டைனமோவில் நழுவும், டைனமோவில் பிடித்தால் கிராங்கில் நழுவும்.

"கை எட்டலங்க... திரும்பயும் நழுவிட்டு... முடியாது, என்னால முடியாதுங்க... ரெண்டு கைதான இருக்கு எனக்கு! நீங்க இங்கன இருந்தா ஒரு கை பிடிப்பீய... ஆறு வருசமா நான் ரெண்டு கைய வச்சுத்தான் எல்லாம் பாக்கேன்... அங்கன இருந்துக்கிட்டு அமுக்கு அமுக்குன்னா? ... எட்டே முக்காலா! அய்யய்யோ... தோளு? தோள வச்சா? ... ஸ்பானர தோளால தள்ளிக்கிட்டு ரெண்டு கையாலயும் பெல்ட்ட... நீங்க அப்பிடித்தான் போடுவீகளா? ... பாக்கேன்... குத்துதுங்க... எலும்புல குத்துது... பரவாயில்ல... வரி உள்ள பக்கம் உள்ளதான? ... ஏறுது... ஏறுது... பேசாதீங்க, செத்த நேரம் பேசாதீங்க..."

மூச்சு விடாமல் அவள் கிடந்தாள். பெல்ட் கடைசிப் புல்லியின் விளிம்பில் தொங்கி, ஏறி, உட்கார்ந்தது.

"ஏறிட்டு. ... ஒவ்வொரு வரியும் அதது பள்ளத்துல இருக்கு, வெரல் விட்டுப் பாத்துட்டேன். ... நெசமாத்தான். ... சிரிக்கீகளா? ... இல்ல, கேட்டுச்சு, சிரிச்சீய. நீங்க என்கிட்டச் சிரிச்சுப் பேசி எம்புட்டு நாளாச்சு... சரி சரி, சாவியப் போடுதேன். கியர் நியூட்ரல்லதான் இருக்கு. சாமியக் கும்பிட்டுக்கிடுங்க."

சாவியைத் திருப்பினாள். இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அவள் கீச்சலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். வரவில்லை. வயரைப் பிடுங்கிவிட்டு அலைபேசியை இஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நீட்டினாள்.

"கேக்குதா? ... கேக்குதாங்க? ... கீச்சு கேக்குதான்னு கேக்கேன்! ... கேக்கலல்லா? ... நின்னுட்டு! நின்னே போச்சு!"

சந்தோஷத்தில் பானட்டை ஓங்கிச் சாத்தினாள். வயரைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டாள்.

"அப்போ ஒங்க தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க, வரவேண்டாம்னு. ... ஹலோ? ... லைன்ல இருக்கீகளா? ... என்ன யோசன? சத்தம் நின்னா வச்சுக்கிடச் சொன்னீகள்லா? ... எதுக்கு அவரு வரணும்? ... இப்போதைக்குன்னா? ... சத்தத்துக்காகத்தான வண்டிய எடுக்கேன்னீய? ... அப்போ சத்தம் இல்லையா வெசயம்?"

சக்கரத்தை உருட்டி வந்து மாட்டிக்கொண்டிருந்தவள் கை நின்றது.

"யாரு, நானா? ... ஆறரைக்குப் போறேன், ஆமா. பொழுது அடஞ்சு வாரேன், ஆமா. கடை அடச்சுட்டுத்தான வர முடியும்? ... செவ்வாக்கெழம எட்டு மணிக்கு வந்தேன். மழ. ரோட்டுல மரம் விழுந்து கெடந்துச்சு... இருங்க. செவ்வாக்கெழம எட்டு மணின்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் சொல்லலையே. ... யாரு சொன்னா? ... பாண்டியராஜா? அவரு வீடு அடுத்த தெருவுல்லா, அவரு எங்கன பாத்தாரு? ... பாக்கலையா? ... கேட்டாரா. ... ஓ."

ஒரு போல்ட்டை எடுத்து முறுக்கினாள்.

"வண்டி கத்திக்கிட்டுப் போறதக் கேட்டு, அண்ணி கெளம்பிட்டா. கத்திக்கிட்டு வாரதக் கேட்டு, அண்ணி வந்துட்டா. கட்டில்ல படுத்துக்கிட்டே ஒங்களுக்குத் தகவல் சொல்லுதாராக்கும்."

அடுத்த போல்ட்.

"நான் எங்க போறேன்னு என்கிட்டக் கேக்கதுக்கு என்ன? ... சந்தேகம் இல்லையா? அப்போ இதுக்குப் பேரு என்ன? ... ஊரு பேசுதா? ஊரு என்கிட்ட சிப்ஸ் வாங்கித் திங்குது. ... நான் வீட்டுல கெடந்தா ஒங்களுக்கு நிம்மதி. எனக்கு? ... அஞ்சு வருசம் கெடந்தேன்ங்க. ஒங்க போனு எப்போ வரும்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். இந்த ஒரு சீசன்தான் மனுசியா இருக்கேன். அதையும் பறிக்கணுமா?"

கடைசி போல்ட்டை முறுக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். கோபமா, துக்கமா, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஜாக்கியை இறக்கினாள். அடுப்பும் சட்டியும் குலையும் காலையிலேயே பின்சீட்டில் ஏற்றியாகிவிட்டன. கதவைப் பூட்டி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியில் ஏறினாள்.

"சாவியக் குடுக்க மாட்டேன். ... மாட்டேன்னா மாட்டேன். ... வாசலத் தாண்டிட்டேன். ... ஓட்டிக்கிட்டுத்தான் பேசுதேன், மெதுவாத்தான் போறேன். ... நில்லுன்னா நிக்க முடியாது. ... அந்தா, டீக்கடையில இருக்காரு ஒங்க தம்பி. பெஞ்சுல, கால்மேல கால் போட்டு. முதுகு ரோட்டப் பாத்து இருக்கு. ஒம்பது அடிக்கட்டும்னு இருக்காரு போல... இல்ல, கூப்பிட மாட்டேன். ... பக்கத்துல வந்துட்டேன். ... தாண்டிட்டேன். ... இல்லங்க. ... திரும்பல. ... கண்ணாடியில பாத்துட்டுத்தான் சொல்லுதேன், தலயக்கூடத் திருப்பல. டீதான் குடிச்சுக்கிட்டு இருக்காரு."

வண்டி இலத்தூர்ச் சாலையில் திரும்பியது.

"இருக்கீகளா? ... ம். ... நீங்களே அவருக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க, அண்ணி ஐந்தருவிக்குப் போயாச்சுன்னு. ... ராத்திரி எப்போ வாரேன்னா? ... அத என்கிட்டக் கேளுங்க. நான் சொல்லுதேன். இனிமே என்கிட்டத்தான் கேக்கணும். ... வைக்கேன்."