வெளிநாட்டார் டிக்கெட்

— இல்ல ஆன்ட்டி, ஓ.சி.ஐ. வேற, இந்தியக் குடியுரிமை வேற. தினமும் இதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அட்டையில 'ஓவர்சீஸ் சிட்டிசன்'னு போட்டிருக்கும். ஆனா சிட்டிசன் கிடையாது.

— அப்பறம் எதுக்கு ஆத்தா அப்புடிப் போட்டுருக்காக?

— போட்டவங்களைத்தான் கேக்கணும். நேராச் சொல்றேன், கேட்டுக்குங்க. கொள்ளுத்தாத்தா வரைக்கும் யாராவது இந்தியாவிலேருந்து வந்தவங்கன்னு காட்டினா ஓ.சி.ஐ. கேக்கலாம். ஆயுசுக்கும் விசா மாதிரி. போலாம், வரலாம், தங்கலாம், வேலை பாக்கலாம். ஓட்டு கிடையாது, வயக்காடு வாங்க முடியாது. கையில இருக்கிற பர்மா பாஸ்போர்ட் அப்படியே இருக்கும்.

— அதுக்கு மேல?

— அதுக்கு மேலயும் படி இருக்கு. அட்டை வாங்கி அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும், கடைசி ஒரு வருஷம் அங்கேயே இருந்திருக்கணும். அப்போ குடியுரிமைக்கு எழுதிப் போடலாம். கிடைச்சா பர்மா பாஸ்போர்ட்டைக் குடுத்துடணும். ரெண்டையும் வச்சுக்க ரெண்டு நாடும் விடாது. உங்களுக்கா கேக்குறீங்க?

— எனக்கு எதுக்குத்தா? கியாக்தான்ல ஆத்துக்கு நடுவுல பயா கோயில் இருக்குல்ல, அந்தப் படகுத்துறையில கெளுத்தி மீனுக்குப் போடுற பொரி விக்கிறேன். பவுனம்மாள்னா அங்க எல்லாருக்கும் தெரியும். எம்மகன் மெட்ராசுல இருக்கான்.

— அவருக்கு ஓ.சி.ஐ. இருக்கா?

— போன உடனே வாங்கிட்டான். எட்டு வருசமாச்சு. ஆஸ்பத்திரியில வேல. இங்கேருந்து நெஞ்சு வலி, கிட்னின்னு பிளேன் ஏறிப் போறாகள்ல, அவுக பக்கத்துல நின்னு, டாக்டர் சொல்றத பர்மாப் பேச்சுல எடுத்துச் சொல்லணும்.

— நல்லா இருக்கு. தமிழ் நாட்டுக்குப் போயும் பிழைக்கிறது பர்மாப் பேச்சை வச்சுத்தானா!

— சிரிக்காதத்தா. அந்தப் பேச்சுதான் அவனுக்குச் சோறு போடுது.

— சிரிக்கல ஆன்ட்டி. சரி, என்ன பேப்பர் கொண்டு வந்தீங்க? அந்தப் பையை ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க? குடுங்க, காப்பி எடுத்து... ஐயோ. போச்சு கரண்ட். மாஹிர் அண்ணே, ஜெனரேட்டரைப் போடுங்க! என்னது, டீசல் இல்லையா? சரியாப் போச்சு. உக்காருங்க ஆன்ட்டி. மெஷின் ஓடாது, நம்ம வாய்தான் ஓடும்.

— ஓடட்டும். ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. ஒரு பொண்ணு. பிங்க் கார்டு. மாப்பிள்ளைப் பையன் மெட்ராசுல இருக்கான்...

— வந்துட்டீங்களா! வாரத்துக்கு ஒருத்தர் வந்துடுறீங்க. பொண்ணு பேர் என்னன்னு கேக்க மாட்டீங்க, என்ன படிச்சிருக்கான்னு கேக்க மாட்டீங்க. 'பிங்க்கா, பச்சையா?' புடவைக் கடையில கேக்குற மாதிரி.

— கேக்காம எப்புடித்தா? பிங்க்னா முழுக் குடிமகன். பச்சைன்னா அரையாளு. ஒலகம் தெரிஞ்ச சேதிதானே?

— எனக்குத் தெரியாதா? எங்கப்பா பச்சை. அக்கரை டாலாவுல, படகு நிக்கிற ஜெட்டியில சைக்கா ரிக்ஷா மிதிக்கிறார். அம்மா பிங்க். எங்க தாத்தா அப்பாவுக்குப் பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு ஜாதகம் கேக்கல, சமைக்கத் தெரியுமான்னு கேக்கல. 'கார்டைக் காட்டும்மா'ன்னாராம். வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தாராம், கள்ள நோட்டான்னு பாக்குற மாதிரி. ஒருத்தர் பிங்க்னா பொறக்கிற பிள்ளை பிங்க். அதுக்குத்தான் கல்யாணம்.

— பொறந்தது நீயி.

— பொறந்தது நான். வீட்டுல சண்டை வந்தா எங்கப்பா ஒரே வார்த்தைதான் சொல்வார். 'நான் உன்னையா கட்டினேன்? உன் கார்டைத்தான் கட்டினேன்.' அம்மா வாயே திறக்காது. சோத்தைப் போட்டு அவர் முன்னால வைக்கும். அவர் சாப்பிடுவார். நான் மூலையில பாடப் புஸ்தகத்தை வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன்.

— ஆம்பளைக கோவத்துல ஆயிரம் பேசுவாக, ஆத்தா.

— கோவத்துல பொய் சொல்லியிருந்தா நான் மறந்திருப்பேன் ஆன்ட்டி. அவர் சொன்னது உண்மை. அதுதான் எனக்கு இன்னைக்கும் எரியுது.

— அதான் இம்புட்டுப் படிச்சியோ?

— பின்ன? எங்க தெருவுல முதல் டிகிரி நான். பட்டம் வாங்குற அன்னைக்கு அப்பா சைக்காவைக் கழுவி, கைப்பிடியில பூச்சரம் கட்டி, கவுனோட என்னை உக்கார வச்சு ஜெட்டி வரைக்கும் மிதிச்சார். வழியெல்லாம் மணி அடிச்சுக்கிட்டே. எதிர்ல வந்தவங்களையெல்லாம் நிறுத்தி, 'எம்பொண்ணு, வக்கீல் படிப்பு'ன்னார். நிறுத்துங்கப்பா, படகு போயிடும்னு நான் கத்துறேன். படகு காத்திருக்கும்கிறார்!

— காத்திருந்துச்சா?

— போயிடுச்சு. அடுத்த படகுலதான் போனோம். அப்பாவும் கூட வந்தார், வேட்டியில கிரீஸோட. அந்த ஒரு நாள் அவரை நான் மன்னிச்சேன். மறுநாள் மறுபடி எரிஞ்சுது.

— நல்ல பொண்ணுதான். எல்லாருக்கும் எழுதிக் குடுக்குறியே, ஒனக்கு ஒண்ணு எழுதிக்கிட்டா என்ன? கொள்ளுத்தாத்தா ஒனக்கும் அங்கிட்டுக்காரருதானே?

— போறவங்களை நான் குறை சொல்லல. கட்டாயப் பட்டாளத்துக்குப் பேர் வந்துடுமோன்னு பயந்து ஓடி வர்ற பையனுக்கு, கை நடுங்காம எழுதிக் குடுத்து அனுப்புறவ நான்தான். ஆனா என் கதை வேற. ஓவர்சீஸ்னா கடல் தாண்டி இருக்கிறவங்கன்னு அர்த்தம். நான் எந்தக் கடலைத் தாண்டினேன்? காலையில டாலாவிலேருந்து இந்த ஆத்தைத் தாண்டி வர்றேன், சாயங்காலம் திரும்பத் தாண்டுறேன். அவ்வளவுதான்.

— ஆறு ஒரு கடலா!

— அதைத்தான் சொல்றேன். அந்த ஜெட்டியில வெளிநாட்டாருக்குத் தனி டிக்கெட், தனி விலை. பாஸ்போர்ட்டைக் காட்டணும். என் கொள்ளுத்தாத்தா துறைமுகத்துல மூட்டை தூக்கினார், கையில ஒரு தாளும் இல்ல. தாத்தா கையில வெளிநாட்டார்னு எழுதின அட்டை. அப்பா கையில பச்சை. நாலாவதா நான் போய் நிக்கிறேன், என் மூஞ்சியைப் பாக்காம உள்ளூர் டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுக்கிறான். அப்படிப் பாக்காமக் குடுக்கிறான் பாருங்க, அது எங்க குடும்பம் சம்பாதிச்சது. அதை விட்டுட்டு நான் எதுக்கு யாருக்கோ ஓவர்சீஸா இருக்கணும்?

— ஆத்தாடி! கோர்ட்டுல பேசுற மாதிரியே பேசுறியே.

— இன்னும் நேராப் பேசட்டுமா? நீங்க ஃபார்ம் வாங்க வரல. என்னைப் பாக்க வந்திருக்கீங்க.

— ...எப்புடித்தா கண்டுபிடிச்ச?

— ஃபார்ம் வாங்க வர்றவங்க உள்ள வந்ததும் என்ன ஃபீஸ்னு போர்டைப் பாப்பாங்க. நீங்க என் காலைப் பாத்தீங்க. அப்புறம் கையைப் பாத்தீங்க. அப்புறம் சுவத்துல இருக்கிற பட்டம் வாங்கின போட்டோவைப் பாத்துட்டு, மறுபடி என் மூஞ்சியைப் பாத்தீங்க, ரெண்டும் ஒண்ணுதானான்னு.

— கொஞ்சம் இளைச்சிருக்க. அதான் பாத்தேன்.

— காலையிலேருந்து எதிர்த்த டீக்கடையில உக்காந்து இந்தப் பக்கமே பாக்கிறாரே, கட்டம் போட்ட சட்டை, அவர்தானா உங்க மகன்? நான் சி.ஐ.டி.ன்னு நினைச்சேன்.

— அவன்தான். கார்த்திகேசன். டீயாக் குடிச்சுக் குடிச்சு வயிறு என்ன ஆச்சோ. 'நீ வராத, நான் மொதல்ல பேசுறேன்'னு உக்கார வச்சேன். உள்ள வந்ததும் நீ ஓ.சி.ஐ.யான்னு அதட்டினியா, பயத்துல ஆமான்னுட்டேன்.

— சரி, பாத்துட்டீங்க. பதிலையும் வாங்கிக்குங்க. நான் சென்னைக்கு வரல. கல்யாணம் பண்ணி, ரெண்டு வருஷம் காத்திருந்து, இன்னார் பொண்டாட்டின்னு ஒரு அட்டை வாங்கி, அதுக்கப்புறம் படிப்படியா ஏறி, கடைசியில என் பிங்க்கைக் கழட்டிக் குடுத்துட்டு... வேணாம் ஆன்ட்டி. உங்க மகன் நல்லவராவே இருக்கட்டும். நான் வரல.

— ஒன்னைய யாரு வரச் சொன்னா?

— என்ன?

— மெட்ராசுக்கு ஒன்னைய யாருத்தா வரச் சொன்னா? நீயே கேக்குற, நீயே பதிலச் சொல்லுற. என்னையப் பேச விட்டியா? இந்தா பை. பிரிச்சுப் பாரு.

— பாஸ்போர்ட். நீலம்... இது இந்திய பாஸ்போர்ட். கார்த்திகேசன், பொறந்த இடம் கியாக்தான். இந்த விசா... டூரிஸ்ட்டா வந்திருக்காரா?

— நீ சொன்ன படியெல்லாம் ஏறிட்டான். படின்னு இருந்தா ஏறத்தானே தோணும்? மேல என்னமோ இருக்குன்னு ஏறினான். செகப்பு பாஸ்போர்ட்ட வாங்கிக்கிட்டு நீலத்தக் குடுத்தாக. அன்னைக்கு எனக்குப் போன் போட்டுச் சிரிச்சான். அழுதான்னும் சொல்லலாம், எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல.

— அங்க என்ன குறை அவருக்கு?

— ஒரு கொறையும் இல்ல. நல்ல சம்பளம், நல்ல மனுசங்க. ஆனா கேளு. ஒவ்வொரு சீக்காளியும் கொணமானதும் இவன்தான் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போவான். 'வீட்டுக்குப் போறோம் தம்பி'ன்னு அவுக பர்மாப் பேச்சுல சொல்லிட்டு உள்ள போவாக. இவன் வெளிய நின்னு கையாட்டுவான். வாரம் ரெண்டு தரம், மூணு தரம். எத்தன நாளைக்குத்தா ஒருத்தன் கையாட்டுவான்?

— அதனால திரும்பி வந்துட்டார்.

— வந்தான். ஏர்போர்ட்டுல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிக்கிறேன். அந்தப் பக்கம் வெளிநாட்டார் வரிசையில எம்மகன் நிக்கிறான். எம்பொரியத் தின்ன கெளுத்தி மீனு கூட அந்த ஆத்துலயே கெடக்கு. எம்பிள்ள வரிசையில நிக்குது.

— ஆன்ட்டி, நேராச் சொல்றேன். வேற நாட்டுக் குடியுரிமை எடுத்தா இங்க உள்ளது போயிடும். போனா போனதுதான். மறுபடி கேக்கவே முடியாது, சட்டத்துல வழி இல்ல.

— புரோக்கர் ஒருத்தன் சொன்னான் அதை. அப்பறம் அவனே சொன்னான், 'பிங்க் கார்டுப் பொண்ணா பாத்துக் கட்டி வைங்க, புருசன்னு சொல்லித் தங்கிக்கலாம்'னு.

— அட! எங்கம்மா பிள்ளைக்குக் கார்டு, நான் புருசனுக்கு விசா. ஒரு தலைமுறையில என்ன முன்னேற்றம்!

— ஏசு. ஏச வேண்டியதுதான்.

— ஏசிட்டு எங்க போறது? எனக்குத் தொழில் இதுதான். இங்க பாருங்க. முன்னாள் குடிமக்கள் நிரந்தரமாத் தங்குறதுக்குன்னு தனியா ஒரு வழி இருக்கு. அவர் பேர்ல அவரே எழுதிப் போடலாம். பொண்டாட்டி பேர் வேண்டியதில்ல. கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், அலைய வேண்டியிருக்கும். ஆனா நான் எழுதித் தர்றேன். எவ கார்டுக்குப் பின்னாலயும் ஒளியாம, தன் கால்ல நின்னு கேக்கட்டும்.

— சரித்தா. அது தங்குறதுக்கு. மத்தது?

— மத்தது எது?

— அந்தப் புரோக்கர் காட்டுன ஒம்போட்டோவப் பாத்துட்டுத்தான் அவன் வந்து உக்காந்திருக்கான். புரோக்கர் சொன்னதுக்காக மட்டுமில்ல.

— அதுக்கு இங்க ஃபார்ம் கிடையாது. ஜெட்டிக்குப் போகச் சொல்லுங்க. பாஸ்போர்ட்டைக் காட்டி வெளிநாட்டார் டிக்கெட் எடுத்து, ஆத்தைத் தாண்டி வரட்டும். எங்க வீட்டு வாசல்ல நின்னு, கார்டுக்காக வரலைன்னு எங்கப்பா மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும். கடல் தாண்டினவர்தானே, இந்த ஆறு பெருசா?

— போனான் ஆத்தா.

— எங்க?

— டாலாவுக்கு. நேத்து. நானும்தான் போனேன். அந்தத் தனி டிக்கெட்ட வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே வந்தான். அக்கரையில எறங்கி, உங்க அய்யா பேரச் சொல்லி, இராமையா சைக்கா எதுன்னு கேட்டு ஏறினோம். உங்க அய்யாவுக்கு ஒரே சந்தோசம். வீட்டுக்கே மிதிச்சுக் கூட்டிப் போனாக. உக்கார வச்சு, 'பிங்க் கார்டுதான், நீங்களே பாத்துக்குங்க'ன்னு ஒன்னோட கார்டு காப்பிய எடுக்கப் பெட்டியத் தொறந்தாக.

— தெரியுமே. எங்கப்பா வேற என்ன பண்ணுவார்?

— பொறுத்தா. உங்கம்மா வந்து பெட்டி மேல கைய வச்சாக. 'எடுத்துக் காட்டுறதுக்கு எம்மக ஒண்ணும் கார்டு இல்ல. கேக்கணும்னா ஆத்தைத் தாண்டிப் போயி அவளையே கேளுங்க. அவ சொல்றதுதான் பதில்'னாக. நாங்க வந்ததக் கூட ஒங்கிட்ட யாரும் மூச்சு விடக் கூடாதுன்னுட்டாக.

— அம்மாவா? எங்கம்மாவா வாயைத் திறந்து பேசிச்சு?

— சத்தம் கூட ஒசத்தல. ஆனா தெருவுக்கே கேட்டுச்சு.

— அப்பா? அப்பா என்ன சொன்னார்?

— அவுகளா ஆத்தா? பெட்டிய மூடிட்டு எந்திரிச்சுப் போயி, சோத்தப் போட்டு உங்கம்மா முன்னால வச்சாக.