முப்பது பெண்களும் ஒரு கிருஷ்ணராசாவும்

அன்பும் அறிவும் அணிசெய்யும் இந்த அவையின் தலைவர், மருத்துவர் கோபாலகிருஷ்ணன் ஐயா அவர்களே, முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் வைத்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் கதவோரம் நிற்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் இந்த யோகமலரின் பணிவான வணக்கம்.

எந்தத் தொழிலில் எத்தனை பெண்கள், எத்தனை ஆண்கள், எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று அட்டவணை போடுவதே உள்ளூராட்சிக் கவுன்சிலில் என் வேலை. கட்டடம் எழும்பும் இடத்தில் தேடுகிறேன், பெண் எங்கே? கணினி நிறுவனத்தில் தேடுகிறேன். மேசைகளில் நம்மவர் உண்டு, மேலாளர் நாற்காலியில் நம்மவர் எங்கே? குழந்தைகளின் நேர்சரியில் தேடுகிறேன், ஆண் எங்கே?

ஒருநாள் ஒரு நேர்சரியின் படிவம் வந்தது. வேலை செய்யும் பெண்கள் முப்பது பேர். ஆண் ஒருவர், ஆசிய இனத்தவர். அந்த ஒருவர் யார்? என் வீட்டுக்காரர் கிருஷ்ணராசா. சிரியுங்கள், சிரியுங்கள். மூன்றாம் வரிசையில் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இங்கே லண்டன் சவுத்தாலில், சரக்கு அடுக்கும் ஒரு வெயார்ஹவுசில், பன்னிரண்டு ஆண்டுகள் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர் அவர். அந்த இடம் மூடப்பட்டது. ஒரு மாலை என்னிடம் சொன்னார்:

"மலர், நான் நேர்சரி வேலைக்குப் படிக்கப்போறன்."

"உங்களுக்கு விசரோ? சனம் என்ன சொல்லும்?"

"சனம் சொல்லட்டும். எனக்குப் பிள்ளையளோட இருக்க விருப்பம். என்னால ஏலும்."

படித்தார், தேறினார், சேர்ந்தார். முதல் வாரமே சுப்ரியா என்ற சென்னைப் பெண், தன் மகன் ரோஹித்தைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். "தப்பா நினைக்காதீங்க. ஒரு ஆம்பளைகிட்ட குழந்தைய விட்டுட்டுப் போக மனசு வரல" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருந்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னதோ, "அப்பவே சொன்னனான்" என்பதுதான்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனார். சுப்ரியாவிடம், "தங்கச்சி, நீங்களும் உள்ள வந்து இருங்கோ. பார்த்திட்டு முடிவெடுங்கோ" என்றார்.

அவளும் வந்தாள். குட்டிக் கதிரையில் குறுகி உட்கார்ந்தாள். இவர் வெற்று அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பிள்ளைகளை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் ஆக்கினார். பின்னால் போகும்போது "பீப், பீப்" என்று சத்தம் போட வேண்டும் என்பது சட்டம். ரோஹித் போட்ட பீப் அடுத்த தெருவுக்குக் கேட்டதாம். பத்தரை மணிக்குப் பார்த்தால் அம்மாவும் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய ஆபீஸ் மீட்டிங் அவள் இல்லாமலே முடிந்துவிட்டது.

போகும்போது சொன்னாள்: "அண்ணா, எங்க டீம்ல நான் ஒருத்திதான் பொண்ணு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னைத்தான் எல்லாருக்கும் டீ கொண்டுவரச் சொன்னாங்க. எவ்வளவு வலிச்சுதுன்னு எனக்குத் தெரியும். அதையேதான் நேத்து உங்களுக்கு நான் பண்ணிட்டேன்."

"பிள்ளைய நாளைக்குக் கொண்டுவாங்கோ" என்றார் இவர். அவ்வளவுதான்.

அவையோரே, ஆணுக்கென்று ஒரு வேலை, பெண்ணுக்கென்று ஒரு வேலை, வெள்ளையருக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று வகுத்தது யார்? கம்பனிகள் என்றீர்களா அங்கே? ஓம், அவர்களும்தான். ஆனால் என் வீட்டுச் சமையலறையில் வகுத்தது நான். அட்டவணையில் கண்ட அநியாயத்துக்கு ஆத்திரப்பட்ட நானேதான்.

அந்த நேர்சரியில் இன்று நான்கு ஆண்கள். அதில் என் பங்கு எதுவுமில்லை. ஆகவே வீட்டில் சொல்ல வாய் வராததை இந்தச் சபையில் சொல்லுறன்: இஞ்சாருங்கோ, அண்டைக்கு நான் சொன்னது பிழை. என்னை மன்னியுங்கோ.

எழும்பி நிற்கிறார், பாருங்கள். கைதட்டலை எனக்குத் தராதீர்கள், அவருக்குக் கொடுங்கள். செவிகொடுத்த உங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி, வணக்கம்.