பச்சைப் புள்ளி

— ட்யூப் கரண்டை அளவா வைக்கிற பயஸ் திருகு மேல நீங்க சீல் மாதிரி வெச்ச நெயில் பாலிஷ் உடைஞ்சிருக்கு, பாத்தீங்களாக்கா? யாரோ கை வெச்சிருக்காங்க.

— பாத்தேன் தம்பி. பொறுங்க, ஆம்ப்ளிஃபையர் சூடாகட்டும். மீட்டரைப் போட்டுடலாம்.

— யாரோ என்ன யாரோ, என் தங்கச்சி புருஷன்தான்! ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எனக்கே குழி பறிக்கிறான். நாளைக்கு மேடையில நான் சொதப்பினா, கிடாரைத் தூக்கிக்கிட்டு முன்னாடி வந்து நிப்பான்.

— கண்ணால பாத்தீங்களா?

— என் மீட்டர் இடம் மாறிக் கிடந்துச்சு. சத்தமும் மாறிடுச்சு. முன்னாடி கரகரன்னு உறுமும். இப்ப நல்ல பிள்ளை மாதிரி பாடுது. சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டேன்.

— தங்கச்சியையுமா?

— அவ அழுதுக்கிட்டே துணி மடிக்கிறா. அதான் என்னைக் கொல்லுது. ‘கெடுத்திருக்கான்’னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, மனசு ஆறிடும்.

— மீட்டர் சொல்லட்டும். ட்யூபுக்குள்ள இருக்கற தகட்டுல நானூத்தம்பது வோல்ட். யாரும் வாசிக்காம சும்மா இருக்கறப்ப ட்யூப் ஒண்ணுக்கு முப்பத்தெட்டு மில்லிஆம்ப். ரெண்டையும் பெருக்கினா பதினேழு வாட். ட்யூப் தாங்கறது இருபத்தஞ்சு வரைக்கும்.

— அப்படின்னா?

— நான் வெச்சிருந்தா எங்க வைப்பேனோ, அங்கயே நிக்குது. கெடுக்க வந்த கை இவ்வளவு பொறுமையா திருகுமா?

— நீங்களும் அவன் கட்சியா! நேத்து இங்க வந்தானாமே, பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

— வந்தார்.

— எதுக்கு?

— சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்.

— பாத்தீங்களா, பாத்தீங்களா! ரெண்டு பேரும் சேர்ந்துதான்…

— கோவத்தைக் கொஞ்சம் அந்த ஸ்டூல் மேல இறக்கி வைங்க தம்பி. அந்தத் திருகை எப்பத் தொடுவாங்க? ட்யூபை மாத்தினா.

— நான் மாத்தலையே!

— ட்யூப் கண்ணாடிக்கு அடியில குனிஞ்சு பாருங்க. உங்க ட்யூபுக்கு நான் என்ன கலர்ல புள்ளி வெச்சேன்?

— நீலம்.

— இது?

— பச்சை… பச்சை அவனுக்குல்ல வெச்சீங்க? போன மாசம் அவன் ஆம்ப்புக்குப் போட்ட புது ட்யூபா இது?

— அதேதான். உங்களோடதுல ஒண்ணுக்குத் தகடு சூடு தாங்காம செவந்துக்கிட்டு இருந்திருக்கு. உறுமல்னு நீங்க ரசிச்சது அதைத்தான். பாதிப் பாட்டுல போயிருக்கும். கடையில புதுசு வர ரெண்டு வாரம் ஆகும்னாங்க.

— எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?

— ‘கேட்டா வாங்கிக்க மாட்டார், ரோஷக்காரர்’னார்.

— என் பழைய நீலம் எங்கக்கா?

— உங்களுக்குப் பின்னாடி, மேசை மேல. தன்னோடதுல போட்டுப் பாத்திருக்கார். ஒரு பாட்டுகூடத் தாங்கல. வாக்கை மீறிட்டேன், கடவுள் மன்னிக்கட்டும்.

— அப்ப நாளைக்கு அவன் எதுல வாசிப்பான்?

— ‘உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு கூட்டத்துல உக்காந்து கை தட்டுறேன்’னார்.

— என் போன் எங்க?

— என்ன தம்பி, போனைக் கையில வெச்சுக்கிட்டுத் தேடறீங்க?

— கொஞ்சம் இருங்கக்கா… ஹலோ, தங்கச்சி? மடிச்ச துணியெல்லாம் பழையபடி அலமாரியில வை. அவர்கிட்ட சொல்லு, என் ஆம்ப்புல ரெண்டு கிடார் செருக இடம் இருக்குன்னு.