நூலகம் சொல்லாது

ரோஹிணி: நில்லுங்கோ சார், பதறாதீங்கோ. அந்த கேட் அப்படித்தான் கத்தும். பையில என்ன?

சிவலிங்கம்: டிபன் டப்பா, மேடம்.

ரோஹிணி: தமிழ்தானா... நான் நினைச்சது சரிதான். புஸ்தகத் திருட்டப் பிடிக்கறதுக்குன்னு வெச்சா, டப்பாவுக்கும் குடைக்கும் கத்தறது. உக்காருங்கோ.

சிவலிங்கம்: லைப்ரரியன் மேடம் நம்ம ஊர்க்காரங்கன்னு சொன்னாங்க.

ரோஹிணி: நூறு வருஷமா எங்களுக்குப் பவானிபூர்தான் ஊர். சொல்லுங்கோ.

சிவலிங்கம்: எம்பேரு சிவலிங்கம். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டுல வேலை. இங்க சோஷியாலஜி படிக்கிற பூர்ணிமா எம் பொண்ணு.

ரோஹிணி: அவ அப்பாவா நீங்க... நல்ல பொண்ணு. பெங்காலில அக்காங்கற மாதிரி ரோஹிணி-தி, ரோஹிணி-தின்னு என்னையே சுத்தி வருவா.

சிவலிங்கம்: அவ என்ன புஸ்தகம் எடுத்திருக்கான்னு தெரியணும்.

ரோஹிணி: அதச் சொல்ல முடியாது சார்.

சிவலிங்கம்: அப்பன் கேக்குறேன்.

ரோஹிணி: பிரின்சிபால் கேட்டே சொல்லல. யார் எதப் படிக்கறாங்கறது இந்த மேஜையத் தாண்டிப் போகாது.

சிவலிங்கம்: போலீஸ் ஸ்டேஷன் மாதிரில்ல இருக்கு.

ரோஹிணி: போலீஸ்காராகூட சொல்லிடுவா. நாங்க மாட்டோம்.

சிவலிங்கம்: சரி, பேரு வேண்டாம். பாடத்துக்கு எடுத்தாளா, சொந்தமா எடுத்தாளா... அத மட்டும் சொல்லுங்க. ஒரு வார்த்தை.

ரோஹிணி: அதுவும் மாட்டேன். இன்னிக்கு ஒருத்திக்குப் பாடம்தான்னு சொல்லிட்டா, நாளைக்கு இன்னொருத்திக்கு நான் வாய மூடிண்டு இருந்தாலே அவ மாட்டிப்பா.

சிவலிங்கம்: ஒரே வார்த்தைதான் மேடம்...

ரோஹிணி: உங்க போன் அடிக்கறது.

சிவலிங்கம்: ...சொல்லு மச்சான். ஆமா, இங்கதான் இருக்கேன். இல்ல... சொல்ல மாட்டேங்கிறாங்க. வேற என்ன பண்றது... பேசினபடி செஞ்சிரு.

ரோஹிணி: ஏதாவது அவசரமா?

சிவலிங்கம்: டூட்டி விஷயம். மச்சானும் ரயில்வேதான். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மேடம். இதப் படிங்க, போதும். முந்தாநாள் என் போனுக்கு வந்துச்சு.

ரோஹிணி: பூர்ணிமா எடுத்துள்ள நூல், சிறப்புத் திருமணச் சட்டம்... யாரு அனுப்பினா இத?

சிவலிங்கம்: சாதி விட்டு, மதம் விட்டுக் கட்டிக்கிறதுக்கான சட்டமாம். விசாரிச்சேன். அனுப்பினது யாருன்னு கீழ போட்டிருக்கு பாருங்க.

ரோஹிணி: ...எங்க லைப்ரரி.

சிவலிங்கம்: மேஜையத் தாண்டாதுன்னீங்க. சாந்த்ராகாச்சி வரைக்கும் வந்திருச்சே.

ரோஹிணி: அந்த கேட் போட்ட கம்பெனிதான் சாஃப்ட்வேரும் குடுத்தது. எல்லார் போன் நம்பரும் கேட்டது. ஆறு பேர் பாத்த வேலைய இப்ப நான் ஒருத்தி பாக்கறேன். அட்மிஷன் ஃபைல்ல இருந்தத அப்படியே போட்டேன்... அதுல இருக்கறது அப்பா அம்மா நம்பர்.

சிவலிங்கம்: எல்லாப் பிள்ளைங்களுக்குமா?

ரோஹிணி: எல்லாருக்கும்... சார், கேளுங்கோ. அது பாடத்துக்குத்தான். இந்த செமஸ்டர் ப்ராஜெக்ட். கிளாஸ்ல ஒருத்தர் பாக்கி இல்லாம எடுத்திருக்கா.

சிவலிங்கம்: இப்ப சொல்றீங்க. மாட்டிக்கிட்ட பிறகு.

ரோஹிணி: சத்தியமா சொல்றேன். பூர்ணிமாவக் கூப்பிடுங்கோ, நானே பேசறேன்.

சிவலிங்கம்: அவ போனு எங்கிட்ட இருக்கு. இந்தாங்க, இதையும் வரவு வெச்சுக்குங்க.

ரோஹிணி: இது... டப்பான்னீங்களே.

சிவலிங்கம்: உங்க கேட் சரியாத்தான் கத்துச்சு. புஸ்தகம் இனிமே அவளுக்கு வேண்டாம். ஊர்ல ஞாயித்துக்கிழமை நிச்சயம்.

ரோஹிணி: அவ எங்க சார் இப்போ?

சிவலிங்கம்: பாடத்துக்குத்தான்னு ராத்திரி பூரா அழுதா. ரோஹிணி-தியக் கேளுங்கப்பா, அவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னா. அதுக்குத்தான் மேடம் வந்தேன்... முன்ன மச்சான் பேசினது டூட்டி போன் இல்ல, ஹௌரா ஸ்டேஷன்லேர்ந்து. நீங்க சொல்ல மாட்டேன்னதும்தான் அவள ரயிலேத்தச் சொன்னேன்.