மூணு பேரு சொல்லணும்

சுகிர்தா: ...மழுப்பாத அர்ஷத். கேஸ் லீக்குல செத்தது எத்தினி பேரு?

அர்ஷத்: இன்னா சுகிர்தா, போலீஸ் மாதிரி கேக்கற? இப்போதான் ஆஸ்பத்திரிக்கே வந்தேன். பயிற்சி நிருபர்னு கார்டு காட்டினா வாட்ச்மேன் சிரிக்கறான்.

சுகிர்தா: எத்தினி பேரு?

அர்ஷத்: ஒருத்தன் பத்துங்கறான், ஒருத்தன் நாப்பதுங்கறான். மூணு பேரு ஒரே மாதிரி சொல்லணுமே! க்ளாஸ்ல உனக்குப் புடிச்ச பாடமாச்சே.

சுகிர்தா: கிண்டலா?

அர்ஷத்: பழக்கதோஷம்... சாரி.

சுகிர்தா: இங்க க்ளாஸ்ல எல்லாரும் என்னையே பாக்கறாங்க. கும்மிடிப்பூண்டி கம்பெனியில கேஸ் லீக்காவுதுன்னு காலையில மெசேஜ் வந்துது. "வதந்தி, நம்பாதீங்க"ன்னு நம்ம க்ளாஸ் நடத்தற எஸ்.எம்.எஸ். செய்தியில போட்டது நான்தானே?

அர்ஷத்: நீ விசாரிச்சுதானே போட்ட?

சுகிர்தா: கம்பெனி ஆபீசு, போலீஸ் ஸ்டேஷன், ஃபயர் சர்வீஸு... மூணு எடத்துக்கும் போன் பண்ணேன். மூணு பேரும் ஒண்ணுமில்லன்னாங்க. சார் கைதட்டினாரு.

அர்ஷத்: அப்புறம் இன்னா? போன மாசம் சுனாமின்னு எவனோ பொய்யா அனுப்பினான். பழவேற்காடே ஓடிச்சு. எங்கம்மா கால ஒடச்சிகினு இன்னும் படுத்துகினு கீது. அதுக்கப்புறம்தானே சார் இந்தப் பாடத்தையே வெச்சாரு... மூணு பேரு சொல்லணும், அதுல சொந்தக்காரங்க கணக்கு இல்லன்னு. நீ சரியாத்தான் செஞ்ச.

சுகிர்தா: லேபர் காலனியில பாதிப் பேரு பை எடுத்துகினு பஸ் ஸ்டாப்புக்கே வந்துட்டாங்களாம். என் மெசேஜப் பாத்துட்டு திரும்பி ஊட்டுக்குப் போனாங்களாம்.

அர்ஷத்: யாரு சொன்னா?

சுகிர்தா: மூணு பேரு.

அர்ஷத்: காலையில அந்த மெசேஜ் உனக்கு அனுப்பினது யாரு சுகிர்தா?

சுகிர்தா: தெரிஞ்சவரு. சார்கிட்டயும் அதான் சொன்னேன்.

அர்ஷத்: திருப்பிக் கேட்டியா?

சுகிர்தா: போன் போட்டேன். எடுக்கல.

அர்ஷத்: எப்படி எடுப்பாரு... ஷிஃப்ட்ல இருந்த மனுஷன்...

சுகிர்தா: ஷிஃப்ட்ல இருந்தாருன்னு நான் சொல்லலியே.

அர்ஷத்: சொன்னியே... காலையில...

சுகிர்தா: சொல்லல. இன்னா மறைக்கற?

அர்ஷத்: ஒண்ணுமில்ல. நீ எதுனா நாஷ்டா பண்ணியா?

சுகிர்தா: அர்ஷத்!

அர்ஷத்: ...இங்க பின்னாடி ரூம்ல ஒருத்தர படுக்க வெச்சிருக்காங்க. பேரு தெரியல. பாக்கெட்ல செல்லு இருந்துது. கடைசியா மெசேஜ் போனது "பாப்பா"ன்னு ஒரு நம்பருக்கு. ஏட்டு என்கிட்ட காட்டினாரு. டெய்லி நான் அடிக்கற நம்பரு அது, சுகிர்தா.

சுகிர்தா: அர்ஷத், மூச்சு இருக்கா?

அர்ஷத்: நான் அடையாளம் சொன்னா ஏத்துக்க மாட்டாங்களாம். சொந்தக்காரங்க யாராவது வந்து சொன்னாதான் நம்புவாங்களாம்.

சுகிர்தா: வரேன். சொந்தக்காரங்க கணக்கு இல்லன்னு சார் சொன்னதாலதான் காலையில எங்கப்பா சொன்னத நான் சேத்துக்கல.